வளையல் ஏறாத கை

ஜூன் 14, சனி

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி ரெஜினாவிடம் இன்று நல்ல திட்டு வாங்கினேன். மூன்று மாதமாக ஏன் வரவில்லை என்றாள். பாலிடெக்னிக்கில் அட்மிஷன் நேரம், அலுவலகத்துக்கு சூப்பரின்டென்டென்ட் நானே லீவு போட்டால் எப்படி என்றேன். "கைக்கு அட்மிஷன்லாம் தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்தாள். இடது கையை மணிக்கட்டு, முழங்கை, புஜம் என்று அளந்தாள். அளவை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நின்றதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாள். எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் மார்பில் கட்டி எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷனைத்தான் சொல்கிறேன். கட்டி போய்விட்டது. ஆனால் கையில் ஊறும் நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. மடையை அடைத்தால் வயலில் தண்ணீர் நிற்பதைப்போல. இதற்குக் குணம் என்று ஒன்று கிடையாது, தினமும் பார்த்துக்கொண்டால் அடங்கியிருக்கும், விட்டால் ஏறிவிடும் என்றாள். மாமியார் மாதிரியா என்று கேட்டேன். புதுப்பெண் சிரித்தாள். ரெஜினா சிரிக்கவில்லை.

வீக்கம் ஏறாமல் கையில் துணிப்பட்டை கட்டுவதற்கு வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வரச் சொன்னாள், சொல்லிக் கொடுப்பாளாம். வீட்டுக்காரர் குவைத்தில். மகள் பூரணியை அம்பாசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, இப்போது ஐந்தாம் மாதம். வேறு யாரைக் கூட்டி வருவது? நானே பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுத் தென்காசி பஸ் ஏறினேன்.

ஜூன் 15, ஞாயிறு

இடது கைக்குத் துரை என்று பெயர் வைத்திருக்கிறேன். துரைக்கு அடுப்பு அனல் ஆகாது, வெந்நீர் ஆகாது, கொசு ஆகாது, ஊசி ஆகாது, பிரஷர் பார்க்கிற பட்டையும் ஆகாது. கனமான பை தூக்க மாட்டார். குளித்ததும் விரலிடுக்கில்கூட ஈரமில்லாமல் துடைத்து, க்ரீம் போட்டு, கழுத்தில் தொடங்கி மெல்லத் தடவிக் கொடுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. பிறகு பஞ்சு, அதன்மேல் பட்டை, அதன்மேல் இன்னொரு பட்டை. பட்டை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு சுற்றுவேன். பாதியில் உருண்டை கைநழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். குனிந்து எடுத்து உதறி மறுபடி முதலிலிருந்து. அதற்குள் இட்லி ஆறிப் போகும்.

எதிர்வீட்டு மும்தாஜைக் கூப்பிட்டால் வருவாள். நல்ல பெண். ஆனால் சாயந்தரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அது பூரணி காதுக்குப் போகும், அங்கிருந்து அவள் மாமியார் காதுக்கு. கைக்கு முடியாதவள் வீட்டுக்கு எந்த மாமியார் மருமகளைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்புவாள்? பிள்ளை பிறந்து பூரணி திரும்பிப் போகும்வரை இது என்னோடு இருக்கட்டும்.

ஜூன் 20, வெள்ளி

குவைத்தில் வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, அதனால் பேசினார். அங்கே வெயில் ஐம்பதைத் தொடுகிறதாம். இங்கே சாரல் பிடித்துவிட்டது, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றேன். வளைகாப்புக்கு லீவு கேட்டிருக்கிறாராம், கிடைப்பது கஷ்டமாம். போன வருடம் பூரணி கல்யாணத்துக்கு வந்தவர் பத்து நாள் இருந்தார். ஆபரேஷன் ஆன உடம்பு, உறக்கம் கெடக் கூடாது என்று பத்து நாளும் முன்னறையிலேயே பாய் போட்டுக்கொண்டார். அந்த அளவுக்குப் பார்த்து நடக்கிற மனுஷன். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சொன்னால்தானே கேட்பார்.

ஜூலை 6, ஞாயிறு

வீடியோவில் பூரணி வந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருக்கிறது. போனை வலது கையில் பிடித்துக் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டுவது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. சாப்பிட்டியா, உறங்குனியா, கால் வீங்குதா என்று நான் கேட்க, நீ எப்படிம்மா இருக்க என்று அவள் கேட்டாள். கல்லுக் கணக்கா இருக்கேன் என்றேன்.

சம்பந்தி ஆவுடையம்மாளும் எட்டிப் பார்த்தார். ஒத்தையா இருக்கீங்களே மதினி, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் தூக்கி ஊற்ற வேண்டும், பச்சைப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், உங்களால் ஆகுமா என்றார். இதையே எத்தனை தரம்தான் கேட்பார். வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது ஊர் உலகத்தில் உள்ள வழக்கம். அதை மாற்ற இவர் யார்? எனக்குச் சுருக்கென்று வந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டே எல்லாம் ஆகும் என்றேன். பூரணி பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரை வைத்துக்கொண்டு என்ன பேசுவாள், பாவம்.

ஜூலை 19, சனி

பூரணிக்கு உள்ளறையை ஒழித்து வெள்ளையடிக்கச் சொன்னேன். தொட்டிலுக்குக் கொக்கி மாட்டியாகிவிட்டது. பெயின்டர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்து காலை நீட்டி, ஒரு தலையணையைத் துண்டில் சுற்றி முழங்காலில் போட்டுப் பார்த்தேன். குப்புறப் போட்டேன், நிமிர்த்தினேன், இடது கையைத் தலைக்கு அணை கொடுத்து வலது கையால் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி பாவனை செய்தேன். பூரணியை இப்படித்தான் குளிப்பாட்டினேன், மறக்கவில்லை. யாராவது பார்த்திருந்தால் சித்தம் கலங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். தலையணை அழவில்லை, அது ஒன்றுதான் குறை.

அப்புறம் குடத்தைத் தூக்கிப் பார்த்திருக்கக் கூடாது. துரை சாயந்தரம் வரை விண்விண் என்று தெறித்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை. பட்டை காயவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வளைகாப்புக்குப் பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். அளவு ரவிக்கை கொண்டு வரவில்லையா என்று தையல்காரி கேட்டாள். அதெல்லாம் இப்போது வலது பக்கத்துக்கு மட்டும்தான் அளவு. நேரிலேயே எடுத்துக்கொள் என்று கையை நீட்டினேன். இடது கையை இரண்டு தரம் அளந்தாள். தப்பாக அளந்துவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம். சரியாத்தான் அளந்திருக்க, முழங்கை வரை இறக்கி இரண்டு கையையும் லூசாகவே தைத்துவிடு என்றேன். வயசானா சதை போடும்லா அக்கா என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள்.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அடுத்த ஞாயிறு வளைகாப்பு. இன்று திடீரென்று ஒன்று உறைத்தது. பூரணிக்கு வளையல் அடுக்கி முடித்ததும் வந்த பெண்களும் போட்டுக்கொள்வார்கள். பெண்ணைப் பெற்றவள் முதல் ஆளாகக் கையை நீட்ட வேண்டும். அதுவும் இரண்டு கையிலும். ஒரு கையில் மட்டும் போட்டால் மொட்டைக் கை என்பார்கள்.

பீரோவிலிருந்து பழைய கண்ணாடி வளையலை எடுத்தேன். வலது கையில் வழுக்கிக்கொண்டு ஏறியது. இடது கையில் பெருவிரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. சோப்புப் போட்டுப் பார்த்தேன். தள்ளவும் பயம், விடவும் மனசில்லை. கடைசியில் கழற்றி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

மெடிக்கலில் கிரேப் பேண்டேஜ் வாங்கினேன், சுளுக்குக்குப் போடுவார்களே, அது. இழுத்து இறுக்கிக் கட்டினால் நாலு நாளில் வற்றாதா என்று ஒரு யோசனை. ரெஜினாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

புத்தி கெட்ட வேலை. காலையில் அவிழ்த்தபோது முன்கையில் பட்டை பதிந்த பள்ளம், அதற்குக் கீழே புறங்கையும் விரல்களும் பொதுபொதுவென்று. விரலை மடக்க வரவில்லை. இறுக்கினால் நீர் எங்கே போகும், கீழேதானே இறங்கும்? இது தெரியாமல் அலுவலகத்தில் நூறு பேருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று வளைகாப்பு. கலந்த சாதம் ஏழு வகை மெஸ்ஸில் சொல்லி, தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு வேனில் அம்பாசமுத்திரம் போனேன். எங்கள் பக்கத்துச் சொந்தம் நாலைந்து பேர் வந்தார்கள். பூரணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல நிறமாகியிருக்கிறாள். முதலில் வேப்பங்குச்சி வளையத்தை நான்தான் போட்டேன், பிறகு சந்தனம் பூசிக் கண்ணாடி வளையல். பட்டையைக் காலையிலேயே கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்து இடது கையை மூடியிருந்தேன். எல்லாவற்றையும் வலது கையாலேயே செய்தேன்.

அப்புறம் வளையல்காரர் என் பக்கம் திரும்பினார். வலது கை ஆயிற்று. இடது கையைக் கேட்டார். போதும் என்றேன். கூட்டத்தில் யாரோ ஒரு பெரியம்மா, பெத்தவ ஒத்தக் கையோட நிக்கலாமா என்றாள். நீட்டினேன். அவர் கையைப் பிடித்ததும் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். இருந்ததிலேயே பெரிய அளவை எடுத்தார். அது முட்டியில் நின்றது. வேண்டாம்மா என்று அவர் மெதுவாகச் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஏற்றுங்கள் என்றேன். அவர் தயங்கவே, நானே பிடித்துத் தள்ளினேன்.

வளையல் உடைந்தது. பெருவிரலுக்குக் கீழே கீறி ரத்தம் பட்டுப் புடவையில் சொட்டியது. நல்ல நாளில் கண்ணாடி உடைந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். ஆவுடையம்மாள்தான் கண்ணேறு கழிஞ்சிச்சு, விடுங்க என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மஞ்சளை எடுத்து வந்து அப்பினார். பூரணியை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அழைத்துப் போகிறேன் என்றேன். ஒரு மாதம் போகட்டும் மதினி, பிறகு பார்க்கலாம் என்றார் சம்பந்தி. பூரணி தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம்மா, பிறகு வருகிறேன் என்றாள். மிச்சச் சாதத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வெள்ளையடித்த அறையில் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

குளிர் நடுக்கம். கை சிவந்து கொதிக்கிறது. சிவப்பு முழங்கையைத் தாண்டிவிட்டது. வலது கை நடுங்குகிறது, எழுத வரவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். ஆட்டோ பிடித்து, பஸ் பிடித்து, நானே வந்து சேர்ந்துவிட்டேன். துணைக்கு யார் என்று நர்ஸ் கேட்டாள். வருவார்கள் என்றேன். மறுநாளும் கேட்டாள், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். வலது கையில் மருந்து ஏறுகிறது. இந்தக் கைக்குச் சின்னக் கீறல்கூடப் பெரிய வாசல், கிருமி நுழைந்தால் தடுக்க ஆள் கிடையாது, கீறிய அன்றே ஓடி வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ரெஜினா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கிரேப் பேண்டேஜ் கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவளோ என் தலைமுடியைக் கோதி ஜடை போட்டுவிட்டாள். யாராவது என் தலையைத் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

குவைத்திலிருந்து அவர் பேசினார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூரணி போனில். கொசுக்கடி, சீழ் வைத்துவிட்டது, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவள் சொன்னாள்:

"எம்மா, எனக்குச் சித்திரையிலயே தெரியும். வருசப்பொறப்பு விசுவுக்கு வந்தப்போ பாத்ரூம் கொடியில நீளநீளமா பட்டை காஞ்சிச்சு. உன் கையையும் பாத்தேன். நீயா சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன், நீ சொல்லவே இல்ல. அத்தைட்ட நான்தான் சொன்னேன், என்னைய அனுப்பாதீங்கன்னு. நான் வந்தா நீ சும்மா இருக்க மாட்ட. உன் கை போயிரும்."

ஆக, இத்தனை நாளாகச் சம்பந்தி கேட்ட கேள்வியெல்லாம் என் மகள் சொல்லிக் கொடுத்த கேள்வி. நான் முந்தானையால் மூடியது, போனைச் சாய்த்துப் பிடித்தது, வளையலைத் தள்ளியது எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு முன்னால். போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூரணி நாலு தரம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்றும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம். என் வீட்டுக்கு வர வேண்டாம் என்று முடிவு செய்ய இவள் யார்? என் கையைப் பற்றி நான்தானே முடிவு செய்ய வேண்டும்?

துரை அடங்கியிருக்கிறார். ரெஜினா சொன்னபடி வீக்கத்தை அடக்குகிற இறுக்கமான கை உறை போட்டுக்கொண்டே அலுவலகம் போகிறேன். பியூன் கேட்டான். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த வீக்கம், இப்படித்தான் இருக்கும் என்றேன். சரி மேடம் என்று போய்விட்டான். அவ்வளவுதானா என்று இருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

மத்தியானம் உள்ளறையில் போய் உட்கார்ந்தேன். புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. யாருக்காக இந்த அறை என்று கேட்டுப் பார்த்தேன். வழக்கம் என்றேன், பெற்றவள் கடமை என்றேன், சம்பந்தி முன்னால் கௌரவம் என்றேன். எல்லாம் பொய். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு வந்தால் மறுநாள் காலை வரை இந்த வீட்டில் என் குரலே எனக்குக் கேட்பதில்லை. மூன்று மாதம் ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் இங்கே இருந்தால், பிள்ளை அழுதால், நடுவீட்டில் துணி காய்ந்தால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டேன். அதுதான் விஷயம்.

பூரணியை நானே கூப்பிட்டேன். அவள் ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிட்டேன். "உனக்குப் பிரசவம் பாக்கணும்னு இல்லட்டி. எனக்கு வீட்டுல ஒரு ஆள் வேணும். தனியா இருக்க முடியல."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. நானும் அழுதேன். அடுத்த மாதம் வந்துவிடுகிறேன், நீ குடம் தூக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்றாள். பண்ணினேன்.

அக்டோபர் 8, புதன்

பூரணிக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. டாக்டர் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, பயணமே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக, இங்கே வர மாட்டாள்.

சாயந்தரம் ஆவுடையம்மாள் கூப்பிட்டார். நீங்க இங்க வாங்க மதினி, பிள்ளை பிறக்கும்வரை இருங்க, இது உங்க வீடு மாதிரிதான் என்றார். பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை கை நனைக்கவே யோசிப்பார்கள் எங்கள் பக்கம். மாதக்கணக்கில் போய்த் தங்குவதா? பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

அவரிடம் சொன்னேன். சம்பந்தி வீட்டில் போய்க் கிடந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார்.

"நீங்க இங்க இருந்தா நான் ஏன் அங்க போவேன்" என்றேன்.

அங்கே வெயில் குறைந்துவிட்டது என்றார்.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள், அம்பாசமுத்திரம்

நேற்று வந்து சேர்ந்தேன். பஞ்சு, பட்டை, க்ரீம் எல்லாம் ஒரு பையில் மேலாகவே வைத்துக் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை கணபதி அந்தப் பையைத்தான் முதலில் வாங்கிக்கொண்டார். பூரணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிறு பெரிதாகிவிட்டது, முகமும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இரண்டு பேரும் வீங்கித்தான் இருக்கிறோம் என்றேன். சிரித்தாள்.

இன்று காலை குளித்துவிட்டு வந்ததும் பழக்கத்தில் அறைக்கதவைச் சாத்தப் போனேன். இங்கே வைத்துக் கட்டு, நானும் பார்க்கிறேன் என்றாள் பூரணி. பிறகு நானே கட்டுகிறேன் என்றாள். சாய்ந்து உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். என் கையை அவள் பக்கத்தில் ஒரு தலையணைமேல் நீட்டினேன். ரெஜினா வீடியோவில் வந்து, விரலில் தொடங்கி மேலே ஏற வேண்டும், கீழே கொஞ்சம் அழுத்தம், மேலே போகப் போகத் தளர்வு என்று சொல்லிக் கொடுத்தாள். வாசலில் நின்று ஆவுடையம்மாளும் சொல்லிக் கொடுத்தார், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. பூரணி உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதும்போதும் அப்படித்தான் உதட்டைக் கடிப்பாள். அவள் விரல் என் உள்ளங்கையில் படப்பட, நான் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.

முழங்கைக்கு மேலே முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். வியர்த்திருந்தது.

"இறுக்கமா இருக்காம்மா?"

இல்லட்டி, நல்லாருக்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுக்கமாத்தான் இருக்கு" என்றேன். "அவுத்துட்டு மொதல்ல இருந்து கட்டு."

பூரணி பட்டையை அவிழ்த்துச் சுருட்டி, மறுபடி விரலிலிருந்து ஆரம்பித்தாள்.